பெட்டியில் வந்த செடியும் உன் பதற்றமும்

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. "தாய்லாந்திலிருந்து வந்த பிலோடென்ட்ரானில் இரண்டு இலை மஞ்சளாகிவிட்டது, அலோகேசியா தலையைத் தொங்கப்போட்டுவிட்டது, நான் என்ன தப்புப் பண்ணினேன் அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். முதலில் மூச்சு விடு கண்ணு. அந்த மஞ்சளுக்கு நீ காரணமில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் ஒரு உரப் பொட்டலம் தெரிகிறது. தொட்டியோ ஏசிக்கு நேர்கீழே இருக்கிறது. இனி வரப்போகிற மஞ்சளுக்கு அவை இரண்டும் காரணமாகும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி.

அந்தச் செடி எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தாயா? பாங்காக் பக்கத்து நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே, ஈரக்காற்றில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் தொட்டியிலிருந்து பிடுங்கி, வேரில் ஒரு துகள் மண் இல்லாமல் கழுவினார்கள். நம் நாட்டுக்குள் வரும் செடியோடு மண் வரக்கூடாது என்பது சட்டம். வேரை ஈரமான ஸ்பேக்னம் பாசியில் சுற்றி, இலையைக் காகிதத்தில் பொதிந்து, அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி ஒட்டிவிட்டார்கள். அதன்பிறகு விமானம், சுங்கம், குவாரன்டைன் பரிசோதனை, கூரியர் வண்டி. இத்தனை நாளும் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் செடி சமைக்காது, ஆனால் மூச்சு விடுவதை நிறுத்தவும் முடியாது. சேமித்து வைத்த சர்க்கரையைத்தான் எரிக்க வேண்டும். போதாததற்கு, மூடிய பெட்டிக்குள் எத்திலீன் வாயு சேரும். வாழைக்காயைப் பழுக்கவைக்கிற அதே வாயுதான் இலையையும் பழுக்கவைத்து உதிர்க்கும். கசங்கிய இலைகளே அதை இன்னும் அதிகமாக வெளியிடும். இவை எல்லாம் பெட்டிக்குள்ளேயே நடந்து முடிந்த சேதம். அது இலையில் தெரிவதற்குச் சில நாளாகும் என்பதால் உன் வீட்டில் வந்து தெரிகிறது. பிரிக்கும்போது பச்சையாக இருந்ததே என்று நீ குழம்பியது இதனால்தான்.

சரி, வேருக்கு வருகிறேன். நீ அனுப்பிய படங்களில் வேர் ஒன்றில்கூட இல்லை, எல்லாம் இலைதான்! எனக்கு இதில்தான் கொஞ்சம் வருத்தம். தண்ணீர் உறிஞ்சுகிற வேலையில் பெரும்பங்கு வேர் நுனியை ஒட்டியிருக்கும் மெல்லிய வேர்த்தூவிகளுடையது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அவை, கழுவும்போதே அறுந்து போய்விடும். அறுந்தவை மறுபடி முளைப்பதில்லை. புது வேர் நுனி வளர்ந்தால்தான் அதன் பின்னாலே புதுத் தூவிகள் வரும். ஆகவே இன்றைக்கு உன் செடிக்கு இலைகள் முழு அளவில் இருக்கின்றன, அவற்றுக்குத் தண்ணீர் அனுப்ப வேண்டிய வேர் பாதிகூட இல்லை. வரவு குறைந்து செலவு குறையாத நிலைமை. நீ செய்ய வேண்டியதெல்லாம் வேர் திரும்ப வளரும்வரை செலவைக் குறைத்துக் கொடுப்பதுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நீயே முடிவு செய்துகொள்வாய்.

"செடி வாடியிருக்கிறதே, தினமும் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுகிறேனே" என்கிறாய். அதை இன்றே நிறுத்து. தொட்டி ஈரமாக இருந்தும் இலை வாடுகிறது என்றால், தண்ணீர் இல்லாமல் வாடவில்லை, எடுக்கத் தெம்பில்லாமல் வாடுகிறது. இன்னும் ஊற்றினால் வேரைச் சுற்றிக் காற்று போக இடமில்லாமல் இருக்கிற வேரும் அழுகும். அழுகினால் இன்னும் வாடும், நீ இன்னும் ஊற்றுவாய். இறக்குமதியான செடிகள் நம் வீடுகளில் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த வாரக் கடைசியில் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பெரிய பீங்கான் தொட்டியிலிருந்து பிலோடென்ட்ரானை மெதுவாக வெளியே எடு. (அடியில் ஓட்டையே இல்லாத தொட்டி அது. அழகாகத்தான் இருக்கிறது, அதில் பேனா போட்டு வை.) வேரைத் தொட்டுப் பார். உறுதியாக, வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருந்தால் உயிருள்ள வேர். கொழகொழவென்று, அழுத்தினால் தோல் உருவி உள்ளே நார் மட்டும் மிஞ்சினால் போன வேர். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த கத்தரியால் போனதை எல்லாம் நறுக்கிவிடு. தயங்காதே, அழுகலை விட்டுவைத்தால் நல்லதற்கும் பரவும். பிறகு, மீதமுள்ள வேருக்கு இரண்டு விரல் அகலம் கூடுதலாக, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை உள்ள நாலங்குல பிளாஸ்டிக் தொட்டி போதும். உள்ளே தெரிகிற மாதிரி தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, வேர் வருவதைப் பிடுங்காமலே பார்த்துக்கொள்ளலாம். உனக்கு அந்த ஆவல் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

தொட்டியில் என்ன போடுவது? செம்மண்ணும் சாணியும் வேண்டவே வேண்டாம். நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் கலந்து போடு. பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழுகிற பதம்தான் சரி. பாசி விலை அதிகம் என்றால் தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் பெர்லைட்டும் சேர்க்கலாம். ஆனால் தேங்காய்நார்க் கட்டியை வாங்கி அப்படியே ஊறவைத்துப் போட்டுவிடாதே. அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று நாலு தடவை ஊறவைத்து அலசிப் பிழிந்த பிறகே வேருக்குப் பக்கத்தில் கொண்டு போகவேண்டும். இன்னொன்று, உன்னிடம் இருக்கிற பிலோடென்ட்ரான் குளோரியோசம் வகை. கொலம்பியக் காட்டுத் தரையில் ஊர்ந்து போகிற இனம் அது, கொடிபோல ஏறாது. தண்டை நட்டு நிறுத்திக் கழுத்துவரை மூடியிருக்கிறாய், படத்தில் தெரிகிறது. தண்டு மேலே படுத்திருக்க வேண்டும், வேர் மட்டும் உள்ளே போகவேண்டும். மூடினால் தண்டு அழுகும். தண்டு போனால் செடியே போனதுதான்.

தண்ணீர் பற்றி ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறாயா? சென்னையில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் போர்வெல் தண்ணீரில் வந்த உப்பையெல்லாம் வடிகட்டி ஒன்றாய்ச் சேர்த்துத் தள்ளுகிற தண்ணீர் அது. தரை துடைக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள். வேர்த்தூவி இழந்த செடிக்கு மழைத்தண்ணீர் கொடு, இல்லையென்றால் குடிக்கிற தண்ணீரைக் கொடு. சின்னத் தொட்டிக்கு ஒரு டம்ளருக்கு மேல் ஆகாது. பாசியின் மேற்பரப்பு காய்ந்து நிறம் வெளுத்த பிறகு அடுத்த டம்ளர்.

இனி ஏசி. "வெயில் கொளுத்துகிறது, குளுகுளுவென்று இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்" என்பாய். ஏசியின் குழாயிலிருந்து பால்கனியில் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அறையின் காற்றில் இருந்த ஈரம்தான் அது. காற்று வறண்டால் இலையிலிருந்து தண்ணீர் வேகமாகப் போகும். நாம் குறைக்கப் பார்க்கிற செலவு அதுதான். சென்னையின் புழுக்கத்தை நீ எவ்வளவு திட்டினாலும், கடலோரக் காற்றின் அந்த ஈரம் இந்தச் செடிகளுக்கு வேண்டியதுதான். ஏசி இல்லாத அறைக்கு இன்றைக்கே மாற்று.

"ஸ்பிரே பண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன் அத்தை" என்று சொல்வதும் எனக்குக் கேட்கிறது. ஸ்பிரே செய்த ஈரம் சில நிமிடம்தான் நிற்கும். இலை மடிப்பில் தேங்கிய தண்ணீர் இரவெல்லாம் இருந்து புள்ளிநோயைத்தான் கொண்டுவரும். அதற்குப் பதிலாக, துணி அடுக்கிவைக்க வாங்குவோமே, மூடிபோட்ட, உள்ளே தெரிகிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அதில் ஒன்றை எடு. தொட்டியை உள்ளே வைத்து மூடு. தினமும் ஒருதடவை பத்து நிமிடம் திறந்து காற்றாட விடு. புது வேர் தெரிந்த பிறகு மூடியைக் கொஞ்சம் விலக்கி வை, அடுத்த வாரம் பாதி திற, அதற்கடுத்து எடுத்துவிடு. ஒரே நாளில் வெளியே எடுத்தால் அன்று சாயங்காலமே துவளும், நீ மறுபடி எனக்கு எழுதுவாய். இன்னொரு முக்கியமான விஷயம். மூடிய பெட்டியில் நேர் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். கிழக்கு அல்லது வடக்கு ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வை. கையை நீட்டிப் பார்த்தால் விளிம்பு மங்கிய நிழல் விழவேண்டும். கூர்மையான நிழல் விழுந்தால் வெளிச்சம் அதிகம்.

மூடிய பெட்டி என்றதும் டாக்டர் வார்டின் ஞாபகம் வருகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நத்தானியல் வார்டு லண்டன் மருத்துவர். 1829இல் ஒரு விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்தார். புழுவைப் பார்க்கப் போனவர், அந்த மண்ணில் பெரணியும் புல்லும் தானே முளைத்துச் செழித்திருப்பதைக் கண்டார். புகைமூட்டமான லண்டன் காற்றில் அவரால் பெரணி வளர்க்கவே முடியாமல் இருந்தது! 1833இல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்து சிட்னிக்குக் கப்பலேற்றினார். பல மாதப் பயணத்திலும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. கப்பலின் மேல்தளத்தில் வெளிச்சம் படும்படி வைத்ததுதான் அதன் சூட்சுமம். உன் அட்டைப்பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வார்டின் பெட்டி மாதிரியான கண்ணாடிப் பெட்டிகளில்தான் நம் நீலகிரிக்கு சின்கோனா வந்தது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா தருகிற மரம். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கன்றுகளைப் பெட்டிபெட்டியாக எடுத்துக்கொண்டு வந்தார். செங்கடல் வழியே வரும்போது வெப்பத்தில் வெந்தன. ஊட்டிவரை வந்து சேர்ந்தும் பிழைக்கவில்லை. அடுத்த வருஷம், ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்வடாரில் திரட்டிய செஞ்சின்கோனாக் கன்றுகளை ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டு வந்தார். அவை தழைத்தன. ஊட்டித் தோட்டத்தின் மெக்கைவர் அவற்றைப் பதியம் போட்டும் துண்டு நட்டும் பெருக்கினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "செடி நல்லபடி வந்து சேர்ந்தது" என்று பெட்டி பிரித்த அன்றைக்கே நீ எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறாய். வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பிழைத்ததா என்பது முதல் புது இலை முழுதாக விரிந்த அன்றைக்குத்தான் தெரியும்.

உரம். அந்தப் பொட்டலத்தை என் கண்ணில் படாமல் எடுத்து வை. நாள்கணக்கில் பிரயாணம் செய்து வாந்தியெடுத்து வந்திறங்கிய குழந்தைக்கு யாராவது பிரியாணி போடுவார்களா? உரம் என்பது உப்பு. புண்பட்ட வேரைச் சுற்றி உப்பு ஏறினால் வேருக்குள் தண்ணீர் போவது இன்னும் கடினமாகும். புது இலை ஒன்று விரிந்து முடிந்த பிறகு, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு கொடுக்கலாம். வீடியோக்களில் வைட்டமின் பி1 கரைசல், எப்சம் உப்பு, பட்டைப்பொடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பி1 செடி தன் இலையிலேயே செய்துகொள்வது, நாம் ஊட்ட வேண்டியதில்லை. மற்றவையும் இப்போது தேவையில்லை. ஒன்றும் போடாமல் இருப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இந்தச் செடிக்கு நீ செய்கிற பெரிய உதவி அதுதான்.

மஞ்சள் இலையைக் கிள்ளிவிடலாமா என்று கேட்டாய். பாதி பச்சை இருக்கும்வரை விடு. செடி அந்த இலையிலிருக்கும் நைட்ரஜனைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. முழுக்க மஞ்சளானதும் காம்போடு நறுக்கு. ஈரமாக, கறுப்பாக அழுகினால் மட்டும் உடனே எடு. பழைய இலைகள் உன் வீட்டுக்குப் பழகிக்கொள்ளும் என்று ரொம்பவும் எதிர்பார்க்காதே. அவை பாங்காக் வெளிச்சத்துக்கு என்று உருவானவை. அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் அபாப்கா ஆராய்ச்சி நிலையத்தில் கானோவர், பூல் என்ற இருவர் 1970களில் இதை ஃபைகஸ் செடிகளை வைத்து நன்றாக ஆராய்ந்தார்கள். முழு வெயிலில் வளர்ந்தது வீட்டுக்குள் வந்ததும் இலையைக் கொட்டியது. விற்பதற்கு முன் சில மாதம் நிழலில் வைத்துப் பழக்கியது தாக்குப்பிடித்தது. நிழலில் உருவான இலைக்குக் குறைந்த வெளிச்சத்திலேயே வயிறு நிறையும். ஆக, பழகுவது என்றால் புது இலை போடுவது என்றே அர்த்தம் வைத்துக்கொள். முதல் இலை சின்னதாக, கோணலாகக்கூட வரும். அதற்கும் ஒரு படம் எடுத்து அனுப்பி அழாதே. மூன்றாவது இலையைப் பார்.

அலோகேசியா விஷயம் வேறு. அது எல்லா இலையையும் விட்டுவிடக்கூடும், நீ தூக்கிப் போட்டுவிடுவாயோ என்பதுதான் என் பயம். அடியில் கிழங்கு இருக்கும். விரலால் அழுத்திப் பார், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. அழுகிய தோலைச் சுத்தம் செய்து, ஈரப்பாசியின் மேல் பாதி புதையும்படி வைத்து, அதே பெட்டியில் மூடி வை. ஒரு மாதம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு முளை வரும்.

இனி நான் உண்மையிலேயே கோபப்படுகிற இடம். புதுச் செடியை நேராகக் கொண்டுபோய் உன் மற்ற செடிகளுக்கு நடுவே வைத்திருக்கிறாய். ஏன் கண்ணு? பூச்சி, நோய் இல்லை என்ற சான்றிதழோடு வந்தாலும், இலைப்பேனின் முட்டை இலைத் திசுவுக்குள்ளே இருக்கும், யார் கண்ணுக்கும் படாது. வேர் மாவுப்பூச்சி வேரிடுக்கில் இருக்கும். குறைந்தது ஒரு மாதம் தனி அறையில் வை. வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார். வெள்ளிக்கோடு போலச் சுரண்டலும் கறுப்புப் புள்ளியும் இருந்தால் இலைப்பேன், மெல்லிய வலை இருந்தால் சிலந்திப்பேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில துளி சோப்பு. முதலில் ஒரு இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார், பிறகு வெயில் தாழ்ந்து மற்றவற்றுக்குத் தெளி. ஒருதடவை தெளித்தால் தீராது, முட்டை பொரித்து வரும் என்பதால் வாராவாரம் மூன்று நாலு தடவை.

இது உன் பால்கனியோடு நிற்கிற சமாசாரம் இல்லை. 2008இல் எங்கள் கோயம்புத்தூரில்தான் பப்பாளி மாவுப்பூச்சியை முதலில் கண்டார்கள். நம் நாட்டுப் பூச்சி அல்ல, எங்கிருந்தோ வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் மாவு பூசியது போல வெளுத்து நின்றன. மருந்தடித்துத் தீரவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்ற சின்ன ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது, அதுவும் வெளிநாட்டு வரவு. மட்டையெல்லாம் கரும்பூசணம் படிந்து நின்ற தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு, குவாரன்டைன் என்ற சொல் தொந்தரவாகத் தோன்றாது.

அதனால் அடுத்த தடவை வாங்குவதைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். இறக்குமதி அனுமதியும், தாய்லாந்து அரசின் பைட்டோசானிட்டரி சான்றிதழும் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேள். காட்டத் தயங்கினால் விட்டுவிடு. "துணி என்று எழுதி அனுப்பிவிடுகிறோம், பாதி விலை" என்பவரிடம் பேச்சே வேண்டாம். 2003ஆம் வருஷத்துக் குவாரன்டைன் ஆணைப்படி அது குற்றம். பரிசோதனை இல்லாமல் வருகிற செடியில் என்ன ஏறி வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் வரவழைக்காதே. அந்த வெயிலில் கூரியர் வண்டிக்குள் ஒரு மத்தியானம் நின்றாலே செடி வெந்துபோகும். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். முதல் செடி மூன்றாவது இலை விடும்வரை இரண்டாவதை வாங்காதே, இது அத்தையின் கண்டிப்பான உத்தரவு.

தொட்டி மாற்றும்போது வேரைப் படம் எடுத்து அனுப்பு. இலைப் படம் இனி வேண்டாம்.

அன்புடன்,
அத்தை